வேதபாடம்: முறுமுறுப்பைக் கேட்ட சபை

வாசிக்க: அப்போஸ்தலர் 6:1–7



நகரத்துச் சபைகள் எதனால் தழைக்கின்றன என்று கேட்டால், நல்ல பிரசங்கம், நல்ல பாடகர் குழு என்று உடனே சொல்லிவிடுவோம். லூக்கா சொல்வது வேறு. எருசலேம் பட்டணத்துச் சபையில், கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை, சபையாரைக் கூட்டினார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் பெயர்களை நாம் அவசரமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியானவர் அந்தியோகியாவிலிருந்து வந்தவர், பிறப்பால் யூதரும் அல்லர். குறைப்பட்டவர்களின் பக்கத்தாரிடமே பந்தி விசாரிப்பு ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது. அதன் பிறகே, ஏழாம் வசனத்தில், சீஷருடைய தொகை பெருகியதாக வாசிக்கிறோம்.

நம் வடசென்னையும் அப்படிப்பட்ட பட்டணந்தான். 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. துறைமுகமும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளும் பல ஜில்லாக்காரரைக் கொண்டுவந்து மீனவர் குப்பங்களுக்குப் பக்கத்தில் குடியேற்றின. 1888-ல் ஸ்காட்லாந்து மிஷனிலிருந்து வந்த டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் அம்மையார், பெண்களுக்கென்று இராயபுரத்தில் சிறு மருந்தகமாக ஆரம்பித்த ஊழியம் 1914-ல் ரெய்னி மருத்துவமனை ஆயிற்று.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விடவில்லை. ஆனாலும் அபிஷேக முறையில் வேறுபட்டிருந்த ஆயர்களிடம் மறு அபிஷேகம் கேட்காமல் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது நம் நிலைமை என்ன? பிள்ளைகள் படித்து, அண்ணாநகரிலும் அம்பத்தூரிலும் வீடு கட்டிப் போய்விட்ட குடும்பங்கள் பல. ஞாயிறு காலை காரில் வந்து, ஆராதித்து, திரும்புகிறோம். காணிக்கை குறைவதில்லை. ஆகையால் சபையும் நன்றாயிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆலயத்தின் பின்தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. அப்போது எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்திருக்கக்கூடியவர்கள் அங்கேயே குடியிருக்கிறவர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் நம் கமிட்டிகளில் இருந்தார்கள்?

இதைச் சொல்ல எங்களுக்கும் கூச்சமாயிருக்கிறது. உங்களுக்கு எழுதும்போதெல்லாம் படுக்கைக்கும் மருந்துக்கும் பணம் கேட்டே பழகிவிட்டோம். நோயாளிகளை மருந்து வாங்குகிறவர்களாகப் பார்த்தோமே அல்லாமல், ஆலோசனை சொல்லத்தக்கவர்களாக அதிகம் பார்க்கவில்லை.

அடுத்த குருசேகரக் கமிட்டித் தேர்தலுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தற்போதைய உறுப்பினர் பட்டியலை எடுத்து, ஆலயத்துக்கு நடந்தே வருகிறவர்கள் எத்தனை பேர், தினக்கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பட்டியலை நாங்களும் எண்ணுகிறோம்.