வயரிங் வேலையை யாரிடம் கொடுப்பது?

வீடு கட்டும்போது கம்பி, சிமென்ட்டுக்கெல்லாம் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறோம். எலக்ட்ரீஷியனை மட்டும் பெரும்பாலும் கொத்தனாரே கூட்டிவந்துவிடுகிறார். ‘நம்ம பையன்தான் சார், பத்து வருஷமா பண்றான்’ என்பார். பையன் நன்றாகவே வேலை செய்யலாம். வேலை முடிந்து மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கை வேண்டும் என்பார்கள். அப்போது எங்கிருந்தோ ஒருவர் வருவார், சில சமயம் அவர்கூட வராமல் தாள் மட்டும் வரும். வீட்டைப் பார்க்காமலே போட்ட கையெழுத்துக்கு நாம் பணம் கொடுப்போம். தமிழ்நாட்டில் வயரிங் வேலைக்கு ஆள் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியது இதைத்தான். அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறவர் கான்கிரீட் போடுவதற்கு முன்பே வந்தாக வேண்டும்.

சட்டம் சொல்வதும் அதுதான். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், அதற்கு முன்பிருந்த 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், அதற்கும் முன்னால் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி, எல்லாம் சொல்வது ஒன்றே: மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் கவனிக்க வேண்டும், அனுமதி பெற்ற கம்பியாள் செய்ய வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவதற்கு இது தேவையில்லை. பழைய வீட்டில் ஏ.சி.க்குப் புதிதாக லைன் இழுப்பது அந்த விலக்கில் வராது.

முதலில் பார்க்க வேண்டிய காகிதங்கள்

சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் இந்த உரிமங்களைத் தருகிறது. ஒப்பந்தக்காரர் உரிமத்தில் ஈ.எஸ்.ஏ., ஈ.ஏ., ஈ.எஸ்.பி., ஈ.பி. என்று தரங்கள் உண்டு. ‘என்கிட்ட ஈ.பி. லைசென்ஸ் இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் மின்வாரியம் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது இந்தத் தரங்களில் ஒன்று. எத்தனை வோல்ட் வரை, எவ்வளவு சுமை வரை வேலை எடுக்கலாம் என்பது தரத்துக்குத் தரம் மாறும். தனி வீட்டுக்குப் பெரிய தரம் தேவைப்படாது. தரத்தைவிட முக்கியமானது உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்பது. புதுப்பிக்காமல் விட்ட உரிமத்தின் ஜெராக்ஸைப் பல வருடம் காட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அசலைக் கேளுங்கள். பெயர், எண், முகவரி, தேதி நான்கையும் பார்த்துவிட்டு நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

அடுத்து வேலைக்கு வருபவரின் சான்று. மேற்பார்வையாளர், கம்பியாள், கம்பியாள் உதவியாளர் என்று மூன்று படி. ஐ.டி.ஐ. படிக்காமல் கூடவே நின்று தொழில் கற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. வயரிங்கில் ஐந்து ஆண்டு அனுபவமும் 21 வயதும் ஆனவர்கள் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம், அரசு ஐ.டி.ஐ.க்களில் நடக்கிறது. கொத்தனார் கூட்டிவந்த பையனை விரட்ட வேண்டியதில்லை. ‘தம்பி, நீ எந்த ஒப்பந்தக்காரர்கிட்ட வேலை பார்க்கிற? அவரை ஒரு தடவை கூட்டிட்டு வா’ என்று சொன்னால் போதும். வந்தால் சரி. ‘அவரு பிஸி சார், கடைசியில கையெழுத்துப் போட்டுத் தருவாரு’ என்றால் வேறு ஆள் பாருங்கள்.

விலை பேசுவது

கூலி பாயிண்ட் கணக்கில் பேசுவார்கள், அல்லது சதுர அடிக்கு. சதுர அடி கேட்கச் சுலபம், ஆனால் எத்தனை பிளக் வரும் என்று அதில் தெரியாது. என் ஓட்டு பாயிண்ட் கணக்குக்குத்தான். அதிலும் எது ஒரு பாயிண்ட் என்பதை எழுதிக்கொள்ளாவிட்டால் சண்டை நிச்சயம். மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் ஸ்விட்ச் வைத்தால் ஒன்றா, இரண்டா? ஸ்விட்ச் போர்டிலேயே வரும் 5 ஆம்ப் பிளக்குக்குத் தனிக் காசா? ஏ.சி., கீசர், மோட்டார் என்ன கணக்கு? காடி வெட்டுவதும், வெட்டியதைப் பூசி அடைப்பதும் யார் பொறுப்பு? டி.பி. (மின் விநியோகப் பெட்டி) பொருத்துவதும் எர்த் குழி தோண்டுவதும் கூலிக்குள் வருமா?

இதற்கு முன் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு அறைக்கும் பாயிண்ட் பட்டியல் போட்டுவிட வேண்டும். அதே பட்டியலை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஆளுக்கொரு கணக்கில் வந்த தொகைகளை அருகருகே வைத்துப் பார்த்துப் பயனில்லை.

பொருளை நீங்களே வாங்குவது நல்லது. ஐ.எஸ். 694 முத்திரையுள்ள வயர், விளக்கு ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. மெயின் லைனின் அளவை மொத்தச் சுமையை வைத்து ஒப்பந்தக்காரர் சொல்ல வேண்டும். கடைக்கு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போனால் அவருக்குக் கமிஷன் போகும், சில கம்பெனிகளின் பெட்டிக்குள்ளேயே அவருக்கான டோக்கன் இருக்கும். இது ஊரறிந்த விஷயம், இதற்காக முகம் சுளிக்க வேண்டாம். பிராண்டைக் கேட்டுக்கொண்டு, தேவைப்படும் காயில் எண்ணிக்கையை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம்

பணத்தை வேலையின் கட்டத்தோடு கட்டுங்கள்: மேல்தளக் கம்பி கட்டியதும் பைப்பும் ஃபேன் பாக்ஸும் போட்ட பிறகு ஒரு பங்கு, சுவரில் காடி வெட்டிப் பெட்டி வைத்ததும் ஒன்று, வயர் இழுத்ததும் ஒன்று, ஃபிட்டிங் முடிந்து சோதனை செய்த பிறகு மீதி. அந்த மீதியிலும் நூற்றுக்குப் பத்தாவது குடிபோன பிறகும் சில நாள் கையில் இருக்கட்டும்.

நேரில் நின்று பார்க்க வேண்டியவை

எர்த் குழிதான் அதிகம் ஏமாற்றும் இடம், மண் மூடிவிட்டால் தெரியாது. குழாய் எர்த் என்றால் 2.5 மீட்டர் நீளத்துக்குக் குறையாத ஜி.ஐ. குழாய் இறங்க வேண்டும். இரண்டடிக் கம்பியைத் தட்டிவிட்டு மேலே சிமென்ட் மூடி வைப்பதும் நடக்கிறது. குழி தோண்டும் நாளில் வீட்டில் ஒருவர் அங்கே இருங்கள்.

வயர் இழுத்து முடித்ததும், ஃபிட்டிங் மாட்டுவதற்கு முன், 500 வோல்ட் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரிடம் மெகர் இருக்கும். கையெழுத்துக்கு மட்டும் வருபவர் அதைக் கொண்டுவர மாட்டார், ஆளை எடைபோட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

டி.பி.யில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதிலுள்ள ‘டி’ பொத்தானை அழுத்தினால் உடனே விழும். விழுந்துவிட்டால் எர்த்தும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது, எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். அதனால் ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தொட வேண்டாம், ஒப்பந்தக்காரர் செய்யட்டும். ஆர்.சி.சி.பி. அந்தக் கணமே விழ வேண்டும். விழாத பிளக்குக்கு எர்த் வரவில்லை, அல்லது அந்த லைன் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிப் போகிறது.

குடிபோன பிறகு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் ‘இது தொல்லை சார், எடுத்துட்டு சாதா ஐசோலேட்டர் போட்டுடலாம்’ என்று ஆலோசனை வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை எங்கோ ஒரு பெட்டியில் ஒன்றாக முறுக்கியிருப்பார்கள், அல்லது சுவர் ஈரம் ஒரு ஜாயிண்டில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேடுவதற்கு நேரம் ஆகும், அதனால்தான் குறுக்கு வழி சொல்கிறார்கள். பிடித்து வைத்த பத்து சதவீதம் இந்த மாதிரி நாளில் உதவும்.

சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் அதிலுள்ள உரிம எண், முதலில் வாங்கிய நகலில் உள்ள எண்தானா என்று பாருங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்ற பட்டியலை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் மீட்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து வைத்தால், பின்னால் அலமாரிக்கு டிரில் போட வருபவர் பைப் எங்கே ஓடுகிறது என்று கேட்கும்போது காட்டலாம்.