திங்கட்கிழமை வயிற்றுவலி



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக்கூட்டத்தில் சேமிப்பு வாங்கி பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தபோது ஓர் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, எம்மவன் ஏழாவது படிக்கிறான். திங்கக்கெழமையானா வயித்துவலிங்கிறான். ஆஸ்பத்திரியில காட்டுனா ஒண்ணுமில்லங்கிறாங்க. நடிக்கிறானா?"

நடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை நினைத்துப் பயப்படுகிற பிள்ளைக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். மனசு சொல்ல முடியாததை உடம்பு சொல்லும்.

இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பையனுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டால், பின்னாலிருந்து "டவர் இல்ல, டவர் இல்ல" என்று சத்தம். பிறகு அதுவே அவன் பெயராகிவிட்டது. பையை ஒளித்து வைப்பது, சாப்பாட்டில் மண் போடுவது என்று வளர்ந்துவிட்டது. முதலில் ஆரம்பித்தவன் வேறு யாருமில்லை, அதே குழுவில் இரண்டு பேர் தள்ளி உட்காரும் இன்னொரு உறுப்பினரின் மகன்!

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். "குழுவில் பேசித் தீர்க்கலாம்" என்று எல்லார் முன்னாலும் விஷயத்தை எடுத்துவிட்டேன். அந்தச் சகோதரி எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் கூட்டத்துக்கும் வரவில்லை, சேமிப்பும் வரவில்லை. கடன் பிரச்சினையைப் பேசுவது போல் பிள்ளைப் பிரச்சினையை நடுக்கூட்டத்தில் பேசக்கூடாது என்று அன்றைக்குத்தான் படித்தேன். எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் இதைச் சொல்லித்தரவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா நான் படித்த பள்ளியிலேயே சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெயர் 'சத்துணவு'. "உங்கம்மா எனக்கு ஒரு முட்டை கம்மியா வச்சாங்க" என்று என் முதுகில் அடிப்பார்கள். ஒரே ஒருமுறை வீட்டில் அழுதேன். "காதுல போட்டுக்காத, படிப்பைப் பாரு" என்றார் அம்மா. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குப் புரிந்தது வேறு: இதையெல்லாம் வீட்டில் சொல்லக்கூடாது. அடுத்த நாலு வருஷம் சொல்லவே இல்லை. வேலைக்கு வந்தபிறகு ஒருநாள் சொன்னபோது, "அப்பவே ஏன்டி சொல்லல?" என்று அம்மா அழுதார்.

விளையாட்டுக் கேலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. விளையாட்டில் இரண்டு பேரும் சிரிப்பார்கள், நாளைக்கு மறந்துவிடுவார்கள். இது ஒரே பிள்ளையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப நடக்கும். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனைச் செய்வது. நிறம், உடம்பு, அப்பா அம்மாவின் வேலை, பேச்சு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதி.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது சாட்சி. பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன், கூடப் படித்தவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். காரணத்தைப் பள்ளியில் சொன்னபிறகு, அந்த மாணவர்கள் இரவில் வீட்டுக்கே வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கையில் கட்டும் வண்ணக்கயிறு, நெற்றி அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. அந்தக் கயிற்றைப் பிள்ளை கையில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது யார், நாம்தானே? வெட்டுப்பட்ட அந்த மாணவன் 2024 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் வாங்கினான்.

சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால்? பையில் பென்சில், நோட்டு அடிக்கடி காணாமல் போகும். வந்ததும் வராததுமாகக் கழிப்பறைக்கு ஓடும், ஏனென்றால் பள்ளிக் கழிப்பறையில்தான் மாட்டிக்கொள்ளும். இதைப் பார்த்தால் "எவன்டா அடிச்சது?" என்று பாயாதீர்கள். கீரை ஆயும்போதோ தலை பின்னும்போதோ, முகத்தைப் பார்க்காமல் பேச்சுக் கொடுங்கள். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "நீ என்ன பண்ணுன?" என்பதும் வேண்டாம், "திருப்பி அடி" என்பதும் வேண்டாம். "நீ சொன்னது நல்லது, நான் பாத்துக்கிறேன்" என்பது போதும்.

பிறகு எழுதி வையுங்கள். என்ன தேதி, எங்கே, யார், என்ன நடந்தது. தீர்மான நோட்டு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா? அதோடு வகுப்பு ஆசிரியரிடம் போங்கள். பள்ளி வாசலில் நின்று அந்தப் பையனைத் திட்டினால் மறுநாள் நம் பிள்ளைக்குத்தான் கூடுதலாக விழும். அசையவில்லை என்றால் தலைமை ஆசிரியர், அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கையெழுத்துப் போட மட்டும் போகிற இடம் இல்லை அது. ஆசிரியரே பட்டப்பெயர் வைத்தால், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. ஆபத்து என்றால் 1098க்கு அழைக்கலாம், இரவு பகல் எந்நேரமும், காசு கிடையாது.

சீண்டுகிற பிள்ளையும் நம் பிள்ளைதான். எழுந்து போன சகோதரியின் வீட்டுக்கு மூன்றாவது வாரம் தனியாகப் போனேன். "அவங்கப்பா குடிச்சுட்டு வந்து இவனை நாயேன்னுதான் கூப்பிடுவாரு. நானும் கோவத்துல வெளக்குமாத்தால அடிச்சிருக்கேன்" என்றார். வீட்டில் வாங்குவதைப் பையன் பள்ளியில் கொடுக்கிறான். நாமும் யோசிப்போம்: நம் குழுவிலேயே 'நொண்டியம்மா', 'கருப்பி' என்று கூப்பிடுகிறோமே, பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகள் கேட்காமலா இருக்கிறார்கள்? இந்த மாதக் கூட்டத்தில் யார் பிள்ளை என்ற பேச்சே இல்லாமல் இதை மட்டும் பேசிப் பாருங்கள்.

இரண்டு அம்மாக்களும் தனித்தனியாகப் போய் ஆசிரியரைப் பார்த்தார்கள். ஆசிரியர் இப்போது வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாசிக்க வைக்கிறார். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்கு வெகுவாகக் குறையும். வீட்டில், அவன் நிற்கிற சொல்லை முடித்துக் கொடுக்காமல் காத்திருக்க அவன் அம்மா பழகிக்கொண்டார். சேமிப்பும் வந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் இன்னும் பக்கத்தில் உட்காருவதில்லை. அரையாண்டு லீவு முடிந்த திங்கட்கிழமை மட்டும் பையனுக்கு மறுபடி வயிற்றுவலி. அன்றைக்கு அம்மா நூறுநாள் வேலைக்குப் போகாமல், வகுப்பு வாசல்வரை கூடவே நடந்து போய் விட்டுவந்தாராம்.