மாற்ற முடியாததை முதலில் பார்

திருவானைக்கோவில்,
ஞாயிறு மாலை

அன்புப் பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 11.6 அங்குலத் திரை, ஒரு கிலோ சொச்சம் எடை, விலை 15,990 ரூபாய். கீழே ‘அத்தை, செம க்யூட்டா இருக்கு, வாங்கலாமா?’ என்று ஒரு வரி. அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலாம் வகுப்பில் நிறத்தைப் பார்த்து ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி, பரீட்சை ஹாலில் மூடி திறக்கவில்லை என்று அழுதவளாயிற்றே நீ! அதனால்தான் போனில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கப்பா நேற்றுப் பேசினான். ‘சின்ன லேப்டாப் எல்லாம் விளையாட்டுச் சாமான்க்கா’ என்றான். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. லால்குடியில் பஸ் ஏறி, பாதி நாள் நின்றுகொண்டே வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவள் நீ. பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், செங்கல் கனத்தில் கார்ப்பரேட் அக்கவுண்டிங் புத்தகம். இதோடு 15.6 அங்குல லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்தால் இன்னொரு 2 கிலோ. ஒரு மாதம் தூக்குவாய், அப்புறம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாய். கூட வராத லேப்டாப் எவ்வளவு வேகமாக ஓடி என்ன பிரயோஜனம்? ஆக, லேசாக வேண்டும் என்ற உன் நினைப்பு சரி. வீட்டு நிலைமை தெரிந்து விலையும் குறைவாக இருக்கட்டும் என்று நினைத்தாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. எதில் கை வைத்து இந்த விலைக்குத் தருகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துவிடுவோம். வாங்கிய பிறகு மாற்றவே முடியாதவை சில உண்டு. அவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மற்றதையெல்லாம் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இந்தக் குட்டி லேப்டாப் ஆசை உன் வயசுக்காரர்களோடு வந்ததில்லை. நீ பிறந்த காலத்திலேயே ஊரெல்லாம் இதே பேச்சுதான். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தரவேண்டும் என்று நிக்கலஸ் நெக்ரோபோன்டே 2005-ல் கிளம்பினார். 2007 கடைசியில் தைவானின் ஏசஸ் கம்பெனி ‘ஈ பிசி 701’ என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், ஃபைல்கள் வைக்க மொத்தமே 4 ஜிபி இடம், உள்ளே லினக்ஸ். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அடுத்த வருஷம் இன்டெல் ‘ஆட்டம்’ சிப்பைக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகளெல்லாம் ‘நெட்புக்’ என்று சொல்லிப் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. ஐந்தாறு வருஷத்தில் அந்த அலை அடங்கிவிட்டது. 2010-ல் ஐபேட் வந்தது ஒரு காரணம். நெட்புக் வாங்கினவர்கள் அதனிடம் பெரிய லேப்டாப்பின் வேலையை எதிர்பார்த்து அலுத்துப்போனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்தச் சமயத்தில் நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு பையன் அப்படி ஒரு குட்டி லேப்டாப்பைக் கொண்டுவந்தான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஹையர் பாஸ் பண்ணினவன், நிமிஷத்துக்கு 45 வார்த்தை தப்பில்லாமல் அடிப்பான். அதில் உட்கார்ந்ததும் விரல் தடுமாறியது. இடது கை எழுத்தைப் பெரிய எழுத்தாக அடிக்க வலது சுண்டுவிரல் ஷிஃப்ட்டுக்குப் போகும் இல்லையா? அந்தக் கீபோர்டில் ஷிஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில் மேல்நோக்கும் அம்புக்குறி இருந்தது, ஷிஃப்ட் அதற்கும் அந்தப் பக்கம். அவன் பெரிய ‘ஏ’ அடிக்கப் போனால் கர்சர் மேல்வரிக்கு ஏறி, அங்கே போய் ஒரு சின்ன ‘ஏ’ விழும். அடிப்பான், கீழே வருவான், அழிப்பான், மறுபடி அடிப்பான். ரேமும் பிராசஸரும் எத்தனை என்று அவனுக்கு மனப்பாடம். கடையில் ஒரு பாரா அடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதனால் கீபோர்டிலிருந்து ஆரம்பி. லேப்டாப் கீபோர்டைக் கழற்றி வேறு மாதிரி போட்டுக்கொள்ள முடியாது, மூன்று வருஷமும் அதே சாவிகள்தான். கடைக்கு 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று எடுத்துக்கொண்டு போ. ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் பத்தாது. ‘ஏ’ சாவியின் நடுவிலிருந்து அதே வரிசையில் செமிகோலன் சாவியின் நடுவரைக்கும் அளந்து பார். முழு அளவுக் கீபோர்டில் சாவிக்குச் சாவி 19 மில்லிமீட்டர், ஆக மொத்தம் சுமார் 17 சென்டிமீட்டர் வரும். 16-க்கு மேல் இருந்தால் பழகிவிடும். 15-ஐ ஒட்டி வந்தால் கீழே வைத்துவிட்டு வா. அப்புறம் செருப்புக் கடையில் போட்டு நடந்து பார்ப்போமே, அப்படி ஒரு பாரா அடித்துப் பார். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்படாதே. நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இருக்கிறதே, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அதையே கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி அடி. சாவி அமுங்குவது விரலுக்குத் தெரிகிறதா, நடுவில் அழுத்தும்போது கீபோர்டே தட்டு மாதிரி குழிகிறதா, ஸ்பேஸ் பாரின் ஓரத்தில் தட்டினாலும் இடைவெளி விழுகிறதா என்று கவனி.

நீ பி.காம். படிக்கிறவள் என்பதால் இன்னொன்று. டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் உன் கை எப்போதும் மேல்வரிசையில்தான் இருக்கும்: எஃப் 5 பேமெண்ட், எஃப் 6 ரெசிப்ட், எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். இந்தச் சின்ன லேப்டாப் பலவற்றில் அந்தச் சாவிகளுக்கு வெளிச்சம் கூட்டுவதும் சத்தம் குறைப்பதும்தான் முதல் வேலை. எஃப்என் சாவியைச் சேர்த்து அமுக்கினால்தான் எஃப் 8 என்று எடுத்துக்கொள்ளும். அதை நிரந்தரமாக மாற்றிவைக்க வழி உண்டா என்று கேள். பக்கத்தில் நம்பர் பேட் இல்லையே என்று மட்டும் தயங்காதே. யூஎஸ்பியில் செருகும் தனி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது பிறகு சரிக்கட்டிக்கொள்ளக்கூடிய விஷயம்.

டாலி என்றதும் ஞாபகம் வந்தது. டாலி பிரைம் விண்டோஸுக்கு என்று எழுதினது. இதே விலையில் குரோம்புக்கும் கிடைக்கும், படிக்க எழுத நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் டாலியைப் போட முடியாது. உனக்கு வேண்டாம். விண்டோஸிலும் ‘எஸ் மோட்’ என்று ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் அது உள்ளே விடாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போய்ப் பார்த்தால் எழுதியிருக்கும். இருந்தால் பயப்படாதே, காசு கொடுக்காமலே அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். திரும்ப அதற்குள் போக முடியாது, போகவேண்டிய அவசியமும் உனக்கு இல்லை. டாலிக்கு லைசென்ஸ் வாங்க முடியவில்லையே என்றும் கவலைப்படாதே, அதன் எஜுகேஷனல் மோடிலேயே பழகிக்கொள்ளலாம்.

இனி நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். 4 ஜிபி ரேம், ஃபைல்கள் வைக்க 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருக்கிறது. விண்டோஸ் 11 ஓடக் குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதும் சரியாக அதே 4, அதே 64. அதாவது வாசற்படியிலேயே தலை இடிக்கிறது. 64 என்று போட்டிருந்தாலும் கணினி அதை எண்ணிக் காட்டும்போது 60-க்குக் கீழேதான் வரும். அதில் விண்டோஸுக்கு மட்டுமே 20 ஜிபிக்கு மேல் போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அப்டேட் வரும்போது இன்னும் இடம் கேட்கும். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போனில் வரும்போதெல்லாம் அண்ணன் போனை வாங்கிக்கொண்டு ஓடுகிறவளிடம் இதை விளக்க வேண்டியதில்லை. ரேம், இஎம்எம்சி இரண்டும் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் பண்ணி ஒட்டியவை. நாளைக்குக் காசு சேர்ந்தாலும் மாற்ற வழியில்லை. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். படமும் பாட்டும் வைக்கலாம், கணினியின் வேகத்துக்கு அது உதவாது.

எனவே ரேம் 8 ஜிபி, இடம் 128 ஜிபியாவது, முடிந்தால் இஎம்எம்சி இல்லாமல் எஸ்எஸ்டி. சிப்பில் ‘செலரான் என் 4020’ என்று இருந்தால் அது 2019-ல் வந்த இரண்டு கோர் சிப். 2023-ல் வந்த ‘என் 100’ நாலு கோர், கரண்டு இரண்டுக்கும் ஒரே 6 வாட் கணக்குதான். கடையில் பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே மாதிரிப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெயரைப் படித்துவிட்டுக் கை நீட்டு.

திரையில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து, பெரிதாக்காமல் படி. புள்ளி தெளிவாக விழுகிறதா, ‘ணு’வும் ‘னு’வும் கண்ணைச் சுருக்காமல் பிரிந்து தெரிகிறதா என்று பார். திரையைச் சாய்க்கும்போது நிறம் வெளுத்துப்போனால் வேறு காட்டச் சொல். கையோடு சார்ஜரையும் பார், டைப் சி-யில் சார்ஜ் ஏறினால் நல்லது.

உங்கப்பாவின் சிநேகிதர் செகண்ட் ஹாண்ட் கடையில் பார்க்கலாம் என்றாராமே, அந்த யோசனையை நான் தள்ளமாட்டேன். கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்களில் கீபோர்டு பிரமாதமாக இருக்கும். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறைக்கு முந்தியதைத் தொடாதே. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால்தான் பழைய தலைமுறைகள் இப்போது மலிவாக வருகின்றன. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல். தயாரித்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டும் அதில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசு.

எதை வாங்கினாலும் சில பழக்கங்களை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள், கண்ணு. திரையின் மூலையைப் பிடித்துத் தூக்காதே, அடியில் கை கொடு. பேனாவைக் கீபோர்டு மேல் வைத்துவிட்டு மூடாதே. உனக்குப் பேனா எங்கே வைத்தோம் என்பதே ஞாபகம் இருக்காது, அதனால் மூடுமுன் ஒரு தடவை உள்ளங்கையால் தடவிவிடு. இந்தச் சின்னவற்றில் பலவற்றுக்கு மின்விசிறி கிடையாது, சூடு அடிப்பக்கம் வழியாகத்தான் போகவேண்டும். தலையணை மேல் வைத்துக்கொண்டு படம் பார்க்காதே. பஸ் ஏறுமுன் மூடியை மட்டும் சாத்தாமல் ஷட்டவுன் பண்ணு, பைக்குள்ளே வெந்துபோகாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து ஊறுகிற நேரத்தில் டவுன்லோட்ஸைக் காலி பண்ணி, அந்த வாரத்து நோட்ஸைப் பென்டிரைவில் ஏற்று. பென்டிரைவை அதே பையில் போடாதே, பீரோவில் வை. லேப்டாப் தொலைந்தால் விலையோடு போகும். பாடம் தொலைந்தால் செமஸ்டரே தொலையும்.

முதுகையும் சொல்லவேண்டும். சின்னத் திரை என்றால் கழுத்து தன்னால் குனியும், தோள் இரண்டும் உள்ளே சுருங்கும். இன்ஸ்டிடியூட்டில் நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்து நிமிர்த்திவிடுவேன், உனக்கும் செய்திருக்கிறேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அடிக்கும்போது அடியில் தடித்த புத்தகம் இரண்டை வைத்து உயர்த்திக்கொண்டு, தனிக் கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள். நான் இன்ஸ்டிடியூட்டில் வைத்திருந்தவற்றில் ஒன்று பரணில் இருக்கிறது, துடைத்துத் தருகிறேன்.

8 ஜிபி வாங்க எப்படியும் இன்னும் ஐயாயிரம் ஆறாயிரம் கூட ஆகும் என்று உங்கப்பா முனகுவான். அந்த மிச்சத்தை நான் போடுகிறேன். வேண்டாம் என்று பேசாதே, உன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் கொடு, கணக்கு சரியாகிவிடும். அவசரப்பட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாதே. சனிக்கிழமை காலேஜ் விட்டதும் நேரே இங்கே வா, சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருமாகக் கடைக்குப் போவோம். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லி வாங்கவேண்டும், அதற்கு நான் கூட இருப்பது நல்லது. வத்தக்குழம்பு வைக்கட்டுமா, சாம்பார் வைக்கட்டுமா என்று மட்டும் வெள்ளிக்கிழமை போன் பண்ணிச் சொல்லு.

பிரியமுடன்,
அத்தை