விளக்கைச் சூழும் ஒளிவட்டம்

சென்ற கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி காண நம் சங்க நண்பர்கள் எல்லோரும் கங்கைக் கரைக்குச் சென்றிருந்தோம். படிக்கட்டுகள்தோறும் ஆயிரக்கணக்கான அகல் விளக்குகள். ஆளுக்கு நூறு படமாவது எடுத்திருப்போம். மறுநாள் விடுதியில் அவற்றைப் பார்த்தபோது முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, நேற்று நாம் பார்த்த விளக்குகள் இவைதானா? இவை வெள்ளைப் பொட்டுகள்போல் அல்லவா இருக்கின்றன!” நியாயமான கேள்வி. படங்களில் குறையொன்றும் இல்லை. ஒவ்வொரு சுடரும் ஊசிமுனைபோல் கூர்மையாக இருந்தது. அந்தக் கூர்மையே குறை என்பதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

இருளில் எரியும் விளக்கைக் கண்ணால் நோக்கும்போது அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிகிறதன்றோ? அவ்வட்டம் பெரும்பாலும் நம் கண்ணுக்குள்ளேயே பிறப்பது. கருவிழியும் கண்ணின் வில்லையும் முற்றிலும் பழுதற்ற கண்ணாடிகள் அல்ல. புகும் ஒளியில் ஒரு சிறு பங்கை அவை சிதறச் செய்கின்றன. ஆனால் அதே விளக்கைக் கைப்பேசித் திரையில் காணும்போது, கண்ணில் அத்தகைய சிதறலை எழுப்பும் அளவுக்குத் திரைக்கு ஒளிவலிமை இல்லை. ஆகவே வட்டம் மறைகிறது. பொட்டு மட்டும் எஞ்சுகிறது.

பழைய பிலிம் சுருள் இக்குறையைத் தற்செயலாக ஓரளவு ஈடுசெய்தது. பிலிமின் மேற்பூச்சை ஊடுருவிச் சென்ற வலுவான ஒளி, அடித்தளத்தின் பின்புறத்தில் பட்டுத் திரும்பி, பூச்சை மறுமுறை பின்னாலிருந்து தாக்கும். விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் விழும். வண்ணப் பிலிமில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில் இருப்பதால் அவ்வட்டம் செந்நிறமாக இருக்கும். இதைத் தடுக்கவே திரைப்படச் சுருள்களின் பின்புறம் கரிப்பூச்சு ஒன்றைப் பூசினார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் சினிஸ்டில் என்னும் நிறுவனம் கோடாக்கின் திரைப்படச் சுருளிலிருந்து அப்பூச்சை நீக்கி விற்கத் தொடங்கியது. செவ்வட்டத்துக்காகவே இளைஞர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்!

டிஜிட்டல் கருவியில் இவ்வட்டத்தை வேண்டிப் பெறும் வழிதான் ‘டிஃப்யூஷன் பில்டர்’. தமிழில் ‘ஒளிபரப்பி’ எனலாமென்று பார்த்தேன். தொலைக்காட்சி நிலையம் என்று எண்ணிவிடுவீர்கள். ஆகவே பில்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

இது லென்சின் முன்னே திருகி மாட்டும் வட்டக் கண்ணாடி. அதில் மிக நுண்ணிய துகள்கள் பரவிக் கிடக்கின்றன. வரும் ஒளியின் பெரும்பகுதி துகள்களுக்கு இடையே நேராகச் சென்று வழக்கம்போல் கூர்மையான பிம்பத்தை அமைக்கிறது. சிறுபகுதி மட்டும் துகள்களில் பட்டுச் சற்றே கோணம் மாறி, பிம்பத்தைச் சுற்றிப் பரவுகிறது. ஆக, ஒரே சட்டத்தில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன: ஒன்று தெளிவானது, மற்றொன்று மங்கலானது. குவியம் தவறிய படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. குவியம் தவறினால் தெளிந்த படம் என்பதே கிடையாது.

சிதறிய ஒளி இருண்ட இடங்களிலும் போய் விழுவதால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இதைக் குறைக்கவே டிஃபன் நிறுவனத்தின் ‘பிளாக் புரோ மிஸ்ட்’ போன்றவற்றில் கரிய துகள்களையும் சேர்க்கிறார்கள். வலிமையை 1/8, 1/4, 1/2, 1, 2 என்று குறிக்கிறார்கள். நம்மிடம் அரைக்கால், கால், அரை என்று அழகான சொற்கள் இருக்கின்றனவே! அரைக்கால் பில்டர், கால் பில்டர் என்றே சொல்லிப் பழகுவோம்.

எந்த வலிமை வேண்டும் என்பது லென்சின் குவியத் தூரத்தைப் பொறுத்தது. பலர் இதை அறியாமல் பணத்தை வீணாக்குகின்றனர். துகள் ஒளியை 1 பாகை திருப்புகிறது என்று கொள்வோம். 35 மி.மீ. லென்சில் அது சென்சாரின்மீது ஏறத்தாழ 0.6 மி.மீ. விலகி விழும், 85 மி.மீ. லென்சில் ஏறத்தாழ 1.5 மி.மீ. சென்சாரின் அகலமோ இரண்டிலும் அதே 36 மி.மீ. தான். ஆகவே அகலக்கோண லென்சுக்குக் கால் பொருந்தினால், முகப்படத்துக்கான நீண்ட லென்சுக்கு அரைக்காலே போதும்.

“இத்தனை பாடு எதற்கு? பிறகு கணிப்பொறியில் மங்கலாக்கிக்கொண்டால் ஆயிற்று” என்பார் உண்டு. இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சென்சார் தாங்கும் உச்ச அளவை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடரின் உண்மை ஒளி 100 என்றாலும் சென்சார் 1 என்றே பதியும், மீதி தொலைந்தது. சுடரொளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அருகிலுள்ள ஓரிடத்தில் சிதறி விழுகிறதெனில், பில்டர் வழியாக அங்கே 0.1 கிடைக்கும், கண்ணுக்கு நன்கு தெரியும். பதிவான படத்தை அதே கணக்கில் கணிப்பொறி பரப்பினாலோ கிடைப்பது 0.001, தெரியவே தெரியாது. பல அளவுகளில் எடுத்த படங்களை இணைத்து இதைச் சரிக்கட்டலாம்தான். ஆனால் காற்றில் துடிக்கும் அகல்சுடர் அதற்கு நின்று கொடுக்காது.

பனிமூட்டமும் இதே வேலையைச் செய்யாதோ என்று கேட்கலாம். தை மாதக் காலையில் இங்கே படித்துறையில் நின்றவர்கள் அறிவார்கள்: தொலைவிலுள்ள படகு கரைந்துபோகும், அருகிலுள்ள படகு தெளிவாயிருக்கும். பில்டருக்குத் தொலைவு தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகவே பாவிக்கும்.

மென்மையான ஒளி வேறு, மென்மையான லென்ஸ் வேறு என்பதையும் மறத்தலாகாது. 1956-இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக இக்காசி நகர வீடொன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மீது பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் படம்பிடித்தார். அங்கே மென்மை நிழலில் இருந்தது. முகத்தின் நுண்மை கெடவில்லை.

இதை நான் பட்டே அறிந்தேன். சென்ற மாசியில் ஊரிலிருந்து ஆச்சி காசி யாத்திரை வந்திருந்தாள். வீட்டில் மாட்டுவதற்கு ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். சாளரத்தை முதுகுக்குப் பின்னே வைத்து, 85 மி.மீ. லென்சில் அரை பில்டரை மாட்டி எடுத்தேன். இரண்டும் பிழை. பின்னாலிருந்த ஒளியெல்லாம் முகத்தில் வழிந்து, பத்து வயது குறைந்த ஒரு மங்கல் உருவம் வந்தது. எனக்கோ பெருமை! ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“ஏலே, இது யாருல? என் மூஞ்சியில உள்ள கோடெல்லாம் எங்கல போச்சு?”

“அழகா இருக்கு ஆச்சி.”

“நாளைக்கு இந்தப் படத்துக்குத்தானே மாலை போடப் போறீங்க. பொறக்கப்போற பிள்ளைகளுக்கு ஆச்சி இன்னாருன்னு தெரிய வேண்டாமா?”

எனக்குப் பேச்சு எழவில்லை. பில்டரைக் கழற்றினேன். ஆச்சியைச் சாளரத்தைப் பார்க்க உட்காரவைத்து, அதில் அவளுடைய வெள்ளை வேட்டித் துண்டையே திரையாகக் கட்டி மீண்டும் எடுத்தேன். நெற்றிக் கோடுகள், காது வளர்த்த துளை, எல்லாம் இருந்தன. இரவில் படிக்கட்டில் ஆச்சி விளக்கு விடும்போது கால் பில்டரோடு எடுத்த மற்றொன்றையும் அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் விளக்குதான் முதன்மை.

ஆனால் முகத்துக்கு மென்மை ஆகாது என்று விதி வகுத்துவிடவும் முடியாது. 1815-இல் கல்கத்தாவில் பிறந்து 1879-இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், தம் 48-ஆம் வயதில்தான் காமிராவைக் கையிலெடுத்தார். குவியம் சரியில்லை என்று அக்காலத்தார் பழித்தனர். அம்மையாரோ தம் கண்ணுக்கு அழகென்று பட்ட இடத்தில் குவியத்தை நிறுத்தினார். அம்முகங்கள் இன்றும் உயிரோடு நம்மை நோக்குகின்றன.

விலை கொடுத்து வாங்குமுன் செய்து பார்க்க விரும்புவோர், மலிவான சாதாரண யூ.வி. பில்டர் ஒன்றில் வாசலினை விரல் நுனியால் மிகமிக மெல்லியதாகப் பூசிப் பாருங்கள். லென்சின்மீது மட்டும் பூசிவிடாதீர்கள். நடுவே தெளிவாக விட்டு ஓரத்தில் மட்டும் பூசினால், லென்சின் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க மென்மை குறைவதைக் காண்பீர்கள். கரிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டுவது மற்றொரு பழைய வழி. துவாரத்தை மிகச் சுருக்கினால் வலைக்கண்கள் படத்தில் தெரிந்துவிடும். சங்க அறை அலமாரியில் என்னுடைய கால் பில்டர் இருக்கிறது, 67 மி.மீ. அளவு. எடுத்துச் செல்பவர் விரல் பதியாமல் ஓரத்தைப் பிடித்து எடுக்கவும்.