காளான் அறிதல்: தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஐப்பசியில் இடியும் மழையும் கூடிப் பெய்து ஓய்ந்தபின், மண்டபத்தூர் போன்ற காரைக்கால் கடற்கரைச் சிற்றூர்களிலும் அவற்றையடுத்த வயல்வெளிகளிலும் காளான்கள் தலைகாட்டுகின்றன. கறையான் புற்று, வைக்கோல் போர், புல்தரை, மட்கிய மரம் என எங்கும் அவை குடை விரிக்கின்றன. அவற்றுள் உண்ணத்தக்கன எவை, உயிர் கொல்வன எவை எனப் பிரித்தறியும் அறிவு முன்னர் வீட்டு மூதாட்டியரிடம் இருந்தது. இன்று அது மங்கி வருகிறது. அவ்வறிவைப் புதிதாகக் கற்க விழையும் மாணவர் எவ்வழியில் தொடங்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத்தில் ஆம்பி

காளானின் பழந்தமிழ்ப் பெயர் ஆம்பி. சமைத்தலையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததாகப் பெருந்தலைச் சாத்தனார் புறநானூற்றில் (164) தம் வறுமையைக் கூறுகிறார். சிறுபாணாற்றுப்படையோ, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் ஆம்பி முளைத்ததைக் காட்டுகிறது. இரண்டும் வறுமையின் அடையாளங்களே. ஆயினும், மட்கும் பொருளும் கறையானும் காளானும் ஓரிடத்தில் கூடுவதைப் பழம்புலவர் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதும் இவற்றால் புலனாகும். பெரும்பாணாற்றுப்படை, உறைந்த தயிரின் திரட்சிக்கு ஆம்பியின் வெண்மொட்டை உவமையாக்குகிறது. அந்த மொட்டுப் பருவமே காளான் தேடுவோர் மிகவும் அஞ்ச வேண்டிய பருவம் என்பதைப் பின்னர்க் காண்போம். பாலைநிலத்து மணலடியில் தோன்றும் 'கம்உ' என்னும் நிலக்காளானை, 'மன்னு' என்னும் அருளுணவோடு சேர்த்துப் பேசும் நபிமொழியொன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

அறிய வேண்டிய மூன்று

நாம் பறிக்கும் குடை, காளானின் கனி போன்ற உறுப்பே. அதன் உடல் மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ நுண்ணிழைகளாய்ப் பரவிக் கிடக்கிறது. ஆதலின், எதன்மேல் முளைத்தது என்பதை அறிவதே முதற்பாடம்.

முதலாவது புற்றுக்காளான். கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து இது எழுகிறது. பெரிய வகைகளில் குடையின் நடுவே ஒரு முனைப்பும், புற்றின் அடிவரை செல்லும் நீண்ட வேர்போன்ற அடித்தண்டும் இருக்கும். இந்தப் பேரினத்திற்கு 1942இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். தென்னிந்திய வகையொன்றை 1979இல் விவரித்த நடராஜன், அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார்.

இரண்டாவது வைக்கோல் காளான். நெல் விளையும் நாட்டுக்கு இயல்பான இதனைக் கோயம்புத்தூரில் 1940களிலேயே வளர்த்துப் பார்த்தனர். மூன்றாவது பால் காளான். இதன் வளர்ப்பு வகையான ஏ.பி.கே.2ஐத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்டது. கடையில் வாங்கிய வைக்கோல் காளானையும் பால் காளானையும் கையில் எடுத்து, அறுத்து, முகர்ந்து பழகுவது தொடங்குவோர்க்கு நல்ல பயிற்சி.

மயக்கம் தரும் பகை

வைக்கோல் காளானின் அடியில் பைபோன்ற உறை உண்டு. தண்டில் வளையம் இல்லை. முதிர்ந்தபின் குடையின் கீழ்மடிப்புகள் இளஞ்சிவப்பாகும். கொடிய நஞ்சுடைய அமானிட்டா வகைகளுக்கும் அடியில் பையுறை உண்டு. ஆனால் அவற்றின் தண்டில் பெரும்பாலும் வளையம் இருக்கும். மடிப்புகள் வெண்மையாகவே நிற்கும். விரியாத மொட்டில் இவ்வேறுபாடுகள் எவையும் வெளித்தோன்றா. எனவே, காட்டில் மொட்டினைப் பறித்தல் கூடாது. தண்டை இடையில் ஒடிக்காமல், அடிமண்ணைக் கிளறி முழுமையாக எடுத்தால்தான் பையுறை புலப்படும்.

இரண்டாம் சோதனை வித்துப்பதிவு. குடையை மட்டும் அறுத்து, மடிப்புகள் கீழ்நோக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்து, ஒரு குவளையால் மூடி இரவு முழுதும் விட வேண்டும். காலையில் தாளில் படிந்திருக்கும் தூளின் நிறத்தைக் காணலாம். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமானிட்டாவுக்கு வெண்மை. புல்தரையில் பெரிதாய் வெண்குடை விரிக்கும் ஒரு நச்சு வகைக்குப் பசுமை. அதனை உண்டோர் சில மணி நேரத்திற்குள் கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளாவர். பால் காளானின் தூளும் வெண்மையே. ஆகவே நிறம் ஒன்றே சான்றாகாது. எல்லா அடையாளங்களும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

நம்பத்தகாதன

வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, மஞ்சளோ பூண்டோ நிறம் மாறினால் நஞ்சு, புழு அரித்திருந்தால் நல்லது, நன்கு வேகவைத்தால் தீமை நீங்கும் என்பன போன்ற கூற்றுகள் வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றும் மெய்யன்று. அமானிட்டாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை.

அந்நஞ்சின் கொடுமை அது காலம் தாழ்த்துவதில் உள்ளது. உண்டபின் 6 மணி முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் வரும். அவை தணிந்து நோயாளி தேறியவர் போல் காணப்படும் வேளையில் கல்லீரல் சிதைந்து கொண்டிருக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தனர். தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர் அவர்களுள் பலர். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் கொலைக்காளான் கலந்த விருந்துண்ட இருவர் 2012 ஜனவரியில் மாண்டனர். பிறந்த ஊரில் உண்ட காளானின் தோற்றம் புகுந்த நாட்டில் ஏமாற்றக்கூடும். பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் நம் மக்கள் இதனை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

கற்கும் முறை

முதல் மழைக்காலம் முழுதும் கண்ணுக்கும் குறிப்பேட்டுக்கும் மட்டுமே உரியது, வாய்க்கு உரியதன்று. நாள், இடம், முளைத்த பொருள், குடை, மடிப்பு, தண்டு, அடி, வித்துப்பதிவு ஆகியவற்றை எழுதுக. ஊரில் ஆண்டாண்டாகப் பறித்துண்ணும் பெரியவர் ஒருவரோடு செல்க. ஒரே ஒரு வகையை ஐயமற அறிந்தபின் அடுத்ததற்குச் செல்க. பூச்சிக்கொல்லி தெளித்த வரப்பிலும் சாலையோரத்திலும் பறியற்க. காளான் மண்ணின் நச்சு உலோகங்களைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும்.

ஐயமுற்றால், காரைக்கால் செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியின் துறை அறிஞரை அணுகிக் கேட்கலாம். பிரான்சில் பறித்த காளானை மருந்துக்கடையில் காட்டிக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே மருந்தாளர் கல்வியில் காளான் அறிதலும் ஒரு பாடமாகும். கேட்டறிவது இழுக்கன்று.

சமைக்கும்போது ஒரு காளானையேனும் சமைக்காமல் தனியே வைத்தல் நலம். உண்டோர் எவர்க்கேனும் உடல் நலிந்தால், தேறட்டும் எனக் காத்திராமல், அதனையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடன் உண்டோர் நலமாய்த் தோன்றினும் அவர்களையும் அழைத்துச் செல்க.

நிறைவாக, ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் அறிந்த காளான்களின் பெயர்களையும், அவை முளைக்கும் இடங்களையும், தாங்கள் விலக்கும் வகைகளையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவற்றை எழுதி வைத்து, அறிவியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது மாணவர் கடமை. ஒரு பெயர் மறைந்தால் ஒரு சொல் மட்டும் மறைவதில்லை. ஓர் உயிரைக் காத்த எச்சரிக்கையும் உடன் மறைகிறது.