வலையில் வந்த விருந்தாளிகள்

கடலுக்குப் போய் வருபவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வலை நிறைய மீன் விழுந்த நாளை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவார். மீனுக்குப் பதில் பழைய டயர் வந்த நாளை இரண்டு மணி நேரம் சொல்வார். கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

வலைக்குக் கண் உண்டு. ஆனால் பார்வை இல்லை. இந்த மீன் வேண்டும், அது வேண்டாம் என்று அதற்குத் தெரியாது. குறுக்கே வந்தது எல்லாம் மாட்டும். அப்படி அழைக்காமல் வரும் விருந்தாளிகள் சிலரைப் பார்ப்போம். சிலரைப் பார்த்துச் சிரிக்கலாம். சிலரைத் தொடவே கூடாது. சிலரைக் கும்பிட்டு வழியனுப்ப வேண்டும்.

காரைக்காலில் நான்கு நண்பர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வயதில் பெரியவர். மற்ற மூவரும் அவரை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு பைபர் படகு. இரவு இரண்டு மணிக்குக் கிளம்புகிறார்கள். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் அலை படகைத் தூக்கிப் போடுகிறது. சோற்றுத் தூக்கு உருள்கிறது. மூடி திறந்துகொள்கிறது. பாதிச் சோறு கடலுக்குப் போகிறது.

"மீனுக்கு நாம சோறு போட்டாச்சு. இனி அதுதான் நமக்குப் போடணும்" என்கிறார் அண்ணன்.

விடியும் நேரம். வலையை இழுக்கிறார்கள். கனக்கிறது.

"வஞ்சிரம்டா!" என்கிறான் இளையவன்.

"இவ்வளவு கனம் வஞ்சிரமா? சுறாடா!" என்கிறான் இன்னொருவன்.

மூன்றாமவன் பேசவில்லை. ஏலத்தில் என்ன விலை போகும் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறான். மகளுக்குக் கொலுசு வாங்கிவிட்டான். படகுக்குப் பெயிண்டும் அடித்துவிட்டான். மேலே வந்ததோ யாரோ அறுத்துவிட்ட பழைய வலை. பெரிய பந்துபோலச் சுருண்டு கிடக்கிறது. அதற்குள்ளே ஒரு ரப்பர் செருப்பு. அதுவும் ஒற்றைச் செருப்பு.

"பொறுடா. ஜோடி அடுத்த இழுப்புல வரும்" என்கிறார் அண்ணன்.

அந்தப் பழைய வலையை அவர் மறுபடி கடலில் போடவில்லை. நைலான் வலை மக்காது. கடலில் கிடந்தாலும் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த மீன் யாருக்கும் பயன்படாமல் சாகும். கரைக்குக் கொண்டுவந்து போடுவதுதான் சரி.

அடுத்து வந்தவர் குட்டையான ஆள். பெரிய கண். கிளி மூக்குப் போலப் பல். படகில் விழுந்ததும் வயிறு உப்பியது. உப்பி உப்பிப் பந்துபோல ஆனது. இதுதான் பேத்தை மீன். பயந்தால் தண்ணீரை விழுங்கி இப்படி உப்பும். வெளியே எடுத்தால் காற்றை விழுங்கும். பெரிய மீனின் வாயில் நுழையாமல் தப்பிக்க அதற்குத் தெரிந்த வழி இது.

"கல்யாணப் பந்தியில சாப்பிட்டு எழுந்த நம்ம மாமா மாதிரியே இருக்கு" என்கிறான் ஒருவன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"வறுத்தா நல்லா இருக்குமா அண்ணே?" என்கிறான் இளையவன்.

அண்ணன் சிரிப்பை நிறுத்துகிறார். நாமும் இங்கே கொஞ்சம் நிற்போம்.

பேத்தையின் ஈரலில் நஞ்சு உண்டு. முட்டை, குடல், தோல் இவற்றிலும் உண்டு. வகைக்கு வகை நஞ்சின் அளவு மாறும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. தின்றவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப் போகும். பிறகு கையும் காலும் மரத்துப் போகும். கடைசியில் மூச்சு நின்றுபோகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு இறங்கும்வரை மருத்துவமனையில் கருவி மூலம் மூச்சுக் கொடுப்பார்கள். அதனால் உதடு மரத்த உடனே ஓட வேண்டும். "நாங்கள் சுத்தம் செய்து தின்றிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வார்கள். ஆகாத நாளை மட்டும்தான் அவர்களால் வந்து சொல்ல முடியும்.

அண்ணன் பேத்தையைக் கடலில் விட்டார். கொஞ்ச நேரம் அது மிதந்தது. பிறகு காற்றை விட்டுவிட்டு முங்கியது.

மூன்றாவது விருந்தாளி பேய்க்கணவாய். எட்டுக் கை உள்ளது. நல்ல விலை போகும். அதைக் கூடையில் போட்டு மேலே பலகை வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கூடை காலி. பலகை அப்படியே இருக்கிறது!

பேய்க்கணவாய்க்கு எலும்பு இல்லை. அதன் உடம்பில் கெட்டியான இடம் வாய் மட்டும்தான். அந்த வாய் நுழைகிற ஓட்டையில் முழு உடம்பும் நுழைந்துவிடும். படகு முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. சரி, பசிக்கிறதே என்று இளையவன் சோற்றுத் தூக்கில் கையை விட்டான். உள்ளே இருந்து எட்டுக் கையும் சேர்ந்து அவன் கையைப் பிடித்தது. அவன் அலறினான். துள்ளினான். தூக்கோடு கடலில் விழுந்தான்.

"ஐயோ, தூக்கு! தூக்கைப் பிடிங்கடா! பாதிச் சோறு அதுலதான் இருக்கு!" என்று கத்தினான் கணக்குப் போடுகிறவன்.

அண்ணன் முதலில் எஞ்சினை நிறுத்தினார். பிறகு கயிற்றை வீசினார். பையனுக்கு நீச்சல் தெரியும். உயிர்காப்புச் சட்டையும் போட்டிருந்தான். அதனால்தான் இது சிரிக்கிற கதை. இருட்டில், சட்டை இல்லாமல் விழுந்திருந்தால் கதையே வேறு. பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம் உண்டு. அன்று அது மூன்று இதயமும் குளிர வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசி இழுப்பு. வலையோடு ஒரு கயிறு வந்தது. கறுப்புப் பட்டை போட்ட கயிறு. இளையவன் அதை எடுக்கக் கையை நீட்டினான்.

"கையை எடுடா!"

கயிறு நெளிந்தது. அது கடல் பாம்பு. வாலைப் பார்த்தால் தெரியும். தரைப் பாம்பின் வால் கூராக இருக்கும். கடல் பாம்பின் வால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். அண்ணன் நீளக் கம்பால் அதை எடுத்து வெளியே விட்டார்.

கடல் பாம்பு கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. முள் குத்தியதுபோல் இருக்கும். சில மணி நேரத்தில் தசையெல்லாம் வலிக்கும். தாடை இறுகும். சிறுநீர் கறுத்துப் போகும். வலி இல்லையே என்று வலையை இழுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைக்க வேண்டும். மருத்துவரிடம் "கடல் பாம்பு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நம் நாட்டில் வழக்கமாகப் போடும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன் போன்ற நான்கு தரைப் பாம்புகளுக்கானது.

இதுவரை கிழக்குக் கடலில் இருந்தோம். இப்போது மேற்குக் கரைக்குப் போவோம். குஜராத்தில் வெராவல் என்று ஒரு பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்தப் பக்கத்து வலைகளில் ஒரு பெரிய விருந்தாளி வந்து மாட்டுவதுண்டு. அதன் பெயர் திமிங்கலச் சுறா. உலகில் உள்ள மீன்களில் இதுதான் பெரியது. ஒரு பேருந்து நீளம் இருக்கும். பத்து டன்னுக்கு மேலும் எடை வரும். ஆனால் பரம சாது. கடலில் மிதக்கும் பொடி உயிர்களை வடிகட்டித் தின்னும். மனிதரைக் கடிக்காது.

முன்பு அங்கே இதை வேட்டையாடினார்கள். பெரிய கொக்கியில் பீப்பாயைக் கட்டி மீன்மேல் மாட்டுவார்கள். மீன் முங்க முடியாமல் களைத்துப்போகும். அதனால் இந்த மீனுக்கே 'பேரல்' என்று பெயர் வந்துவிட்டது. ஈரல் எண்ணெயை மரப் படகுக்குப் பூசினார்கள். 1990களில் இறைச்சி வெளிநாட்டுக்குப் போனது. 2001-இல் அரசு இதைப் பிடிக்கத் தடை போட்டது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியுமா? மீன் தானாக வந்து மாட்டியது. அதை விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். வலையின் விலை கொஞ்சமா? கடன் வாங்கி வாங்கிய வலையை யார் மனம் வந்து அறுப்பார்?

2004-இல் ஒரு பிரசாரம் தொடங்கியது. வனத்துறையும் வனவிலங்கு அமைப்புகளும் சேர்ந்து நடத்தின. காற்றடித்த பொம்மைச் சுறாவை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அசல் மீன் அளவுக்கே பொம்மை! தெருவில் நாடகம் போட்டார்கள். ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு மக்களிடம் பேசினார். "இந்த மீன் நம் வீட்டு மகள். பிரசவத்துக்குத் தாய் வீடு வருகிறாள். வந்தவளைக் கொல்லலாமா?" என்ற பொருளில் கேட்டார். அது மீனவர்களின் மனதைத் தொட்டது. 'பேரல்' என்ற பெயர் போய், 'வாலி' என்ற பெயர் வந்தது. குஜராத்தியில் அன்பானவள் என்று பொருள்.

அன்பு மட்டும் போதாது. வலைக்கும் வழி வேண்டும். அறுத்த வலைக்கு வனத்துறை நிவாரணம் கொடுத்தது. தொடக்கத்தில் அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மீனவர்களிடமே கேமரா கொடுத்தார்கள். வலையை அறுத்து மீனை விடுவதைப் படம் எடுத்துக் காட்டினால் போதும். சட்டத்தைவிட இந்த ஏற்பாடுதான் அதிக வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 900-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இப்படி உயிரோடு திரும்பிப் போயிருக்கின்றன.

காரைக்காலுக்குத் தெற்கே பாக் விரிகுடாவிலும் இப்படி ஒரு விருந்தாளி உண்டு. அது கடற்பசு. கடலடியில் புல் மேயும். அதற்காக 2022-இல் தமிழ்நாடு அரசு அங்கே ஒரு காப்பகம் அமைத்தது. கடல் ஆமையும் சட்டப்படி காக்கப்படும் உயிர்தான். இரண்டும் மேலே வந்து மூச்சு வாங்கும். வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே வீசிவிடாதீர்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிழலில் வையுங்கள். ஈரத் துணி போடுங்கள். பல ஆமைகள் பிழைத்துக்கொள்ளும்.

பேசிப் பாருங்கள்:

உங்கள் ஊர்க் கடலில், ஆற்றில் அல்லது ஏரியில் எதிர்பாராமல் கிடைத்தது என்ன? அதை என்ன செய்தார்கள்?

பேத்தை மீனுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

வலையை அறுத்து மீனை விட்டவருக்கு நிவாரணம் வேண்டும். யாருக்கு மனு எழுதுவீர்கள்? ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள்.