பாட்டைப் படம் பிடிப்பது எப்படி? – மாணவர்களுக்கு ஒரு பாடம்

இப்போதெல்லாம் கல்லூரிகளில் மாணவர்களை ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒரு பாட்டைப் படம் பிடித்துத் தொகுத்துக் கொண்டு வரும்படி வேலை கொடுக்கிறார்கள். எங்கள் டிப்ளமா காலத்தில் கோஷ்டியாகச் செய்தது சர்வே கேம்ப் ஒன்றுதான். செயினையும் தியோடலைட்டையும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தோம். காலம் மாறிவிட்டது. செல்போன் எல்லார் கையிலும் இருப்பதால் இது சுலபமான வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாதி வழியில்தான் விழி பிதுங்குகிறது.

மைசூரில் படிக்கும் என் அண்ணன் பேத்தியும் இப்படி மாட்டிக்கொண்டாள். "சின்னத் தாத்தா, ரயில்வேயில டைம் டேபிள், பிளாக்குன்னு எல்லாம் போடுவீங்களே, எங்க ஷூட்டிங்குக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்றாள். எனக்கு சினிமா தெரியாது. அளவும் நேரமும் தெரியும். உட்கார்ந்து பார்த்தபோது இந்த வேலையில் முக்கால்வாசி அளவும் நேரமும்தான் என்று புரிந்தது. அவர்களோடு சேர்ந்து கற்றதையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தமிழ் வாசிக்க வராத பிள்ளை இருந்தால், பெற்றோர் தயவு செய்து படித்துக் காட்டவும்.

முதலில் பாட்டு. இந்தக் கோஷ்டியில் ஆறு பேர்: தமிழ் இருவர், கன்னடம் மூவர், மலையாளம் ஒருத்தி. எந்த மொழிப் பாட்டு என்பதிலேயே ஒரு வாரம் போனது. பிறகு ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அது வேண்டாம் என்றேன். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிகள், இசை, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. வகுப்புக்குள் காட்டுவதோடு நிறுத்தினால் சரி. ஆனால் பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள், யூடியூபில் ஏற்றுவார்கள். அங்கே இயந்திரமே பாட்டை அடையாளம் கண்டுவிடும். உரிமையாளர் விரும்பினால் படத்தைத் தடுக்கலாம். கடைசியில் அவர்களே மெட்டுப் போட்டார்கள். பல்லவி கன்னடம், சரணம் தமிழ். சண்டையும் தீர்ந்தது, உரிமையும் அவர்களுடையதே ஆயிற்று.

அடுத்து, எல்லாருக்கும் தெரிய வேண்டிய அடிப்படை: பாட்டுக் காட்சியில் ஒலி முதலில், படம் பிறகு. ஸ்டூடியோவில் பதிவான பாட்டை படப்பிடிப்பு இடத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைக்கிறார்கள். அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் அந்த இயந்திரத்தையே 'நாகரா' என்பார்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டீபன் குடெல்ஸ்கி என்ற பொறியாளர் 1951இல் செய்த டேப் ரெக்கார்டரின் பெயர் அது. ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்கும்போது கேமராவும் அதைப் பதிவு செய்யும். எடிட்டிங் மேசையில் கேமராவில் பதிவான ஒலியையும் மூலப் பாட்டையும் பொருத்திவிட்டு, கேமரா ஒலியை எடுத்துவிட வேண்டும். பொருத்துவதற்காகத்தான் ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கிளாப் கட்டை அடிக்கிறார்கள். கட்டை மூடும் படமும் 'டக்' என்ற ஒலியும் சேரும் இடம்தான் நமக்கு மைல் கல். கட்டை இல்லாவிட்டால் கை தட்டினாலும் போதும்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாய் எல்லா இடத்திலும் பொருந்துகிறது. தூரத்தில் நின்று பாடிய ஷாட்டில் மட்டும் பொருந்தவில்லை. செல்போன் கோளாறு என்றார்கள். கோளாறு செல்போனில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி; அதற்குள் ஒலி கடக்கும் தூரம் 13.6 மீட்டர். ஸ்பீக்கரும் கேமராவும் ஒரே இடத்தில், பாடுகிறவள் 30 மீட்டர் தள்ளி என்றால், பாட்டு அவள் காதுக்கு 88 மில்லிவிநாடி தாமதமாகச் சேரும். அவள் உதடும் அவ்வளவு தாமதம். திரையில் பார்க்கும்போது குரல் முந்திக்கொண்டு வரும்.

மனிதக் கண்ணுக்கு இது உறுத்தும். ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் துணி விழுந்த பிறகுதான் சத்தம் வரும். இயற்கையில் ஒலி எப்போதும் பின்னால்தான் வருகிறது, அதனால் பிந்தி வரும் ஒலியை நாம் பொறுத்துக்கொள்கிறோம், முந்தி வருவதைப் பொறுப்பதில்லை. சர்வதேச ஒளிபரப்பு விதிகளிலும், ஒலி முந்தினால் 45 மில்லிவிநாடியிலும் பிந்தினால் 125 மில்லிவிநாடியிலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்றே கணக்கு. மருந்து எளிது: ஸ்பீக்கரைப் பாடுகிறவர் பக்கத்தில், படத்தில் விழாமல் வையுங்கள். அது முடியாவிட்டால் எடிட்டிங்கில் அந்த ஷாட்டை மட்டும் இரண்டு ஃபிரேம் முன்னால் நகர்த்துங்கள். அவர்கள் நகர்த்தினார்கள், உதடு வந்து உட்கார்ந்தது.

விநாடிக்கு 25 ஃபிரேம் ஏன் என்று கேட்கலாம். பல செல்போன்கள் 30இல் எடுக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மின்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 25 ஃபிரேமும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும், வெளிச்சம் ஆடாது. 30இல் எடுத்தால் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை ஓடும். இன்னொன்று: செல்போன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். தொடக்கத்தில் பொருந்திய வாய் முடிவில் விலகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வேகத்தை நிலையாக வைக்கும் கேமரா செயலி கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி டைம் டேபிள். அவர்கள் பாட்டு நிமிடத்துக்கு 100 தட்டு, மொத்தம் 3 நிமிடம் 36 விநாடி, அதாவது 360 தட்டு. ஆதி தாளத்தில் எட்டு எட்டாக வகுத்தால் 45 ஆவர்த்தனம். ஒரு ஆவர்த்தனத்துக்கு 4.8 விநாடி, சரியாக 120 ஃபிரேம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் 45 வரி போட்டு, ஒவ்வொரு வரியிலும் எந்த இடம், யார் முகம், கேமரா கிட்டவா எட்டவா, எந்த உடை என்று எழுதச் சொன்னேன். பாட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாளம் போட்டே ஷாட்டை எண்ண முடிந்தது. வெட்டும் இடம் தட்டின் மேல் விழ வேண்டும். ஓரிரு ஃபிரேம் முன்னால் வெட்டினால் இன்னும் சுறுசுறுப்பாகத் தெரிகிறது. எல்லாத் தட்டிலும் வெட்டினால் தலை சுற்றும்.

படம் பிடிக்கும்போது முதலில் முழுப் பாட்டையும் எட்ட நின்று ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் வேறு எந்த ஷாட் கெட்டாலும் ஓட்டை விழாது. பிறகு முகம், பிறகு கை கால், வாத்தியம். ஒரு வேடிக்கையும் உண்டு: பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்திலேயே வாயசைத்து, விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டினால், உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், தலைமுடியும் தாவணியும் மட்டும் மிதக்கும். பிள்ளைகள் இதைச் செய்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. அவர்கள் போட்ட முதல் பட்டியலில் 12 ஷாட்டுகள் தண்டவாளத்தின் மேல் இருந்தன. கேட்டால், 1998இல் வந்த 'உயிரே' படத்தில் ரயில் கூரை மேலேயே ஆடவில்லையா என்றார்கள். மணிரத்னம் இயக்கி, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்து, ஃபரா கான் நடனம் அமைத்த பாட்டு அது. ஆனால் அது நீலகிரி மலை ரயில். பல்சக்கரப் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டரும் மற்ற இடங்களில் 30 கிலோமீட்டரும்தான் அதன் வேகம். நீராவி இழுக்கும் ரயில், தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. அந்த ரயிலே படக் குழுவுக்காக ஓடியது, எப்போது வரும், எங்கே நிற்கும் என்பது அவர்கள் கையில்.

மைசூர்–பெங்களூர் பாதை அப்படி அல்ல. மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, இரண்டு மீட்டருக்குள் நெருங்குவதே ஆபத்து. செல்ஃபி குச்சியும் மைக் கட்டிய இரும்புக் கழியும் அங்கே தூக்கவே கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கும். டிரைவர் பிரேக் பிடித்தாலும் நிற்க பல நூறு மீட்டர் வேண்டும். மின்சார வண்டி பழைய நீராவி வண்டி மாதிரி இரைந்துகொண்டு வராது; பாட்டு கேட்க இயர்போனும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பயிற்சி பெற்ற கேங்மேன்கள் வேலை செய்யும்போதே எச்சரிக்கை செய்ய ஓர் ஆளைத் தனியாக நிறுத்துவோம். பணியில் இருந்தபோது, பாதையோரத்தில் கிடந்த செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததை நான் கண்டதுண்டு. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 12 ஷாட்டையும் அடித்துவிட்டேன். பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாற்று இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1979இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகம். பழைய நீராவி எஞ்சின்கள், 1899ஆம் ஆண்டு மகாராணி சலூன் எல்லாம் அங்கே நிற்கின்றன. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பணம் கட்டி, காலை வெயிலில் எடுத்தார்கள். ஓடாத எஞ்சினை ஓடுவதாகக் காட்ட, கேமராவைத்தான் நகர்த்த வேண்டும். சக்கர நாற்காலி ஒன்று அதற்குப் போதுமானதாக இருந்தது.

உள்ளரங்கில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் 1989 பிப்ரவரி 8 அன்று 'திப்பு சுல்தானின் வாள்' தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பில் தீப்பிடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றோட்டம் இல்லை, ஒழுங்கான வயரிங் இல்லை, தீயணைக்கும் கருவி இல்லை. கணக்கைப் பாருங்கள்: 1000 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். மூன்றை ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினால் 13 ஆம்பியர். அந்தப் பலகை போகும் சாதாரண பிளக் பாயிண்டோ 6 ஆம்பியருக்கானது. இப்போது எல்.இ.டி. விளக்கு வாடகைக்குக் கிடைக்கிறது, அதை எடுங்கள். கதவைப் பூட்டாதீர்கள், ஒரு வாளி மணலும் ஒரு தீயணைப்பு உருளையும் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கணிப்பொறி கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். எடுத்த ஃபைல்களுக்கு ஆவர்த்தன எண்ணையே பெயராக வைத்து, அன்றன்றைக்கு இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். ஒருவர் வெட்டட்டும், ஒருவர் தாளம் பார்க்கட்டும், மற்ற நால்வரும் அறைக்கு வெளியே இருக்கட்டும். ஆறு பேரும் சேர்ந்து ஒரு மௌஸைப் பிடித்தால் விடியாது.

கடைசியாக எழுத்து போடும் கட்டம். பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் போட்டார்கள். சில எழுத்துருக்களில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், கன்னட ஒத்தெழுத்துகள் பிரிந்துவிடும். படத்தை முழுதாக ஏற்றுமதி செய்து, பெரிய திரையில் ஓட்டி, இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலையைச் செய்தவர் என் மனைவி. நான்கு பிழை கண்டுபிடித்தார், நான்கும் தமிழில்.